பிங்கோ நிறுத்திய மூன்றாவது சரணம்

கிரிம்ஸ்பி
டிசம்பர், ஞாயிறு காலை

அன்பு மகள் மார்னிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், வீட்டுக் கொதிகலன் மட்டும் நன்றாக இல்லை, சாப்பிட்டதும் அதைப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, வெள்ளிக்கிழமை போனில் நீ அழுத அழுகையிலேயே பதில் தெரிந்துவிட்டது. இரண்டாம் இடம்தான் வந்தது அப்பா, ஹியூகோ சொன்னதற்குத் தலையாட்டிவிடப் போகிறேன் அப்பா என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்குப் பின்னால் நம் தொழிலாளர் கிளப்பே ஊதிவைத்த பிளாஸ்டிக் மீன்களைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது, நீ அழுவதைத் தவிர வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், சுற்றுப்பயணத்தில் நீ தங்கியிருக்கிற பிரிஸ்பேன் ஓட்டலுக்கு வேகத் தபாலில். எனக்குக் கடிதம் எழுத வராது, பழுது அறிக்கை எழுதத்தான் வரும், இதையும் அப்படியே எடுத்துக்கொள். கடைசி வரி வரை படித்து முடிக்கும்முன் ஹியூகோவுக்கு எந்தப் பதிலும் சொல்லாதே. அவ்வளவுதான் கேட்கிறேன்.

முதலில் நிலவரம். உன் பாட்டுக் கம்பெனியின் ஹியூகோ உன்னிடம் வைத்த நிபந்தனை எனக்குப் புரிந்த வரைக்கும் இதுதான், இந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தால் அடுத்த ஆல்பம் முழுக்க நீ எழுதிய பாட்டுகள், வராவிட்டால் அவர்கள் ஆட்கள் எழுதித் தருவதை நீ அப்படியே பாட வேண்டும். சுற்றுப்பயணம் முடிவதற்குள் கையெழுத்து. பதினாறு வயதில் கிளப் மேடையில் ஏறினாய், பிறகு லீட்ஸ் ரயில் நிலைய வாசலில் கிட்டாரோடு நின்றாய், கம்பளக் கடைக்கு விளம்பரப் பாட்டு எழுதிக்கொடுத்தாய் (அது நல்ல பாட்டு, நான் இன்னமும் வேலையில் முணுமுணுக்கிறேன், அந்தக் கடையை மூடிவிட்டார்கள்), முதல் பாட்டு வெளியாகி அதை நானும் அம்மாவும் மட்டும் வாங்கினோம், அடுத்ததை அம்மாவும் வாங்கவில்லை, அவளுக்கு அதில் டிரம் பிடிக்கவில்லை. இத்தனை தூரம் வந்தது அடுத்தவன் எழுதியதைப் பாடவா. உனக்கு நல்ல குரல்தான், ஆனால் நல்ல குரல் தெருவுக்கு இரண்டு இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன் கைவிட்டுவிட்டுப் போனதை ஊரே திரும்பத் திரும்பக் கேட்கிற மாதிரி எழுதத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். இதைப் பாசத்தில் சொல்லவில்லை. எனக்குப் பாசத்தில் பேச வராது என்று உனக்குத் தெரியும்.

புதன்கிழமை வந்த பாதி வாரக் கணக்கில் நீ இரண்டாவது, லண்டன்காரன் ஒருவன் தன் நாயை ஊளையிடவிட்டுப் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு முதலாவது. வேலை முடிந்து கிளப்புக்குப் போனால் வாசலுக்கே உன் பாட்டு கேட்கிறது. உள்ளே பிங்கோக் கூட்டம் முழுக்க, அதாவது கிரிம்ஸ்பியில் மீன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தனை பேரும், ஜூக்பாக்ஸ் முன்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள், ஒவ்வொருவராகக் காசைப் போடுகிறார்கள், உன் பாட்டையே அழுத்துகிறார்கள், அடுத்தவர் வருகிறார். திங்கட்கிழமையிலிருந்தே இது நடக்கிறதாம். கச்சேரிச் செயலாளர் டெரெக் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்து, “பாத்தியாடா தம்பி, ஒன் மகளுக்காக ஊரே எப்டி ஒழைக்குதுன்னு” என்றார். எனக்கு முப்பத்தொன்பது வயதாகிறது, அந்தக் கிளப்பில் நான் இன்னமும் தம்பிதான். இந்தப் பெட்டியில் போடுவது எந்தக் கணக்கிலும் ஏறாது, லண்டனில் எவனுக்கும் தெரியாது, போனில் விலை கொடுத்து இறக்கினால்தான் ஏறும் என்றேன். வரிசை அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தது. “அப்போ இந்தக் காசெல்லாம் எங்க போவுது?” என்று கேட்டாள் பிங்கோ எண் படிக்கும் பிரெண்டா. கிளப்புக்குத்தான் என்றேன். டெரெக் கூரையை அண்ணாந்து பார்த்தார். “கூரை ஒழுவுதுல்ல, அதுக்கு ஆச்சு” என்றார்.

வியாழக்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, போனில் பாட்டு வாங்குவது எப்படி என்று சொல்லித்தரப் போனேன். என் வாழ்க்கையில் இந்த மாதிரித் தோல்வி கிடையாது. குளிர்பதனக் கிடங்கையே பிரித்துப் பூட்டுகிறவன் நான், எழுபது வயதுக்காரர்கள் இருபது பேரை ஒரே பொத்தானில் விரல் வைக்கவைக்க முடியவில்லை. ஒருவர் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார், மனைவி பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். ஒருவர் எனக்குக் கண்ணாடி இல்லை என்கிறார், கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நான் கத்தத் தொடங்கியதும் பிரெண்டா என் தோளைப் பிடித்துத் தள்ளி, “நவுருடா, இவங்ககிட்ட மனுசங்க மாதிரி பேசினா கேக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு மேடையேறி, பிங்கோ மைக்கை எடுத்து, பிங்கோக் குரலில், “கண்ண கீழ பாருங்க செல்லங்களா, மொத ஆட்டம்” என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணாடித் தட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். “பச்சைக் கட்டம், தனியா நிக்குது, பச்சைக் கட்டம்” என்றாள், எல்லோரும் அழுத்தினார்கள். “மார்னி டாஸ்கர், நம்ம பொண்ணு, மார்னி டாஸ்கர்” என்றாள், எழுதினார்கள். “வாங்கு, ஒரு தடவ, வாங்கு” என்றாள். பின் வரிசையில் ஒரு கிழவர் போனைத் தலைக்கு மேல் தூக்கி, பிங்கோ அட்டை நிறைந்துவிட்ட மாதிரி “ஹவுஸ்!” என்று கத்தினார். பிறகு மூலைக்கு மூலை ஹவுஸ், ஹவுஸ் என்று ஒரே கூச்சல். டெரெக் மட்டும் நாய்ப் பாட்டை வாங்கிவிட்டார். அதுவும் இரண்டு முறை, முதல் முறை விழவில்லை என்று நினைத்துக்கொண்டு. நீ எவ்வளவு சின்ன வித்தியாசத்தில் தோற்றாய் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

இப்போது வெள்ளிக்கிழமை. ரேடியோவில் கடைசி இரண்டு இடங்களைச் சொல்கிற நேரமும் ஓய்வூதியக்காரர்கள் பிங்கோவின் கடைசி ஆட்டமும் ஒன்று. டெரெக் பிங்கோ நிற்காது என்றார். “கூரை இடிஞ்சு பியானோ மேல விழுந்துச்சே, அன்னிக்கே நிக்கல” என்றார். பிரெண்டா, “நா வாயத் தொறக்கலன்னா எங்கய்யா பிங்கோ, நீங்க படிப்பீங்களா, ஆறுக்கும் ஒம்போதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு நீங்க” என்று சொல்லிவிட்டு, நேரம் வந்ததும் ஆட்டத்தின் நடுவில் எண் போட்ட பந்துப் பெட்டி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டாள். இதில் யாருக்கு வயிறு எரிந்தது தெரியுமா, உன் அம்மாவுக்கு. அவளுக்கு ஒரே ஒரு எண் பாக்கி, எண்பத்தெட்டு. பரிசு கிறிஸ்துமஸ் வான்கோழி. நான் ஒலிப் பலகையில் ரேடியோவை இணைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கிருந்தே, “இன்னும் ஒண்ணே ஒண்ணு பிரெண்டா, ஒண்ணப் படிச்சிட்டு மூடேன், பொண்ணு எங்கயும் ஓடிட மாட்டா” என்று கெஞ்சுகிறாள். பெற்ற மகள் நாட்டிலேயே முதலாவதா இரண்டாவதா என்று சொல்லப்போகிறார்கள், இவளுக்கு வான்கோழி. நான் இணைப்பை இரண்டு முறை தவறான துளையில் சொருகினேன், குளிர் என்று வைத்துக்கொள்.

ரேடியோக்காரன் இரண்டாம் இடம் என்று சொல்லி உன் பெயரைச் சொன்னான். எனக்கு நிபந்தனை தெரியும் அல்லவா, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கிளப் எழுந்து நின்று கத்தியது. ஒருவருக்கும் துக்கம் இல்லை. டெரெக் பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “ரெண்டாவதுடா! நம்ம கால்பந்து டீமு ஜென்மத்துல எதுலயாவது ரெண்டாவது வந்திருக்கா!” என்றார். கால்பந்துப் பந்தயத்துக்குக் கொண்டுபோகிற பிளாஸ்டிக் மீன்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, மேசைக்கு மேசை ஆடின. பிறகு ரேடியோக்காரன் உன் பாட்டைப் போட்டான். முதல் சரணம், பஸ் நிறுத்தம். இரண்டாவது, அவன் போனது. எல்லோரும் கூடவே பாடினார்கள், கர்ணகடூரமாக. அது முடிந்ததும் வழக்கம்போலப் பாட்டு நின்றுவிட்டது, ரேடியோக்காரன் நாயைப் பற்றிப் பேசத் தொடங்கினான், நான் ஒலியைக் குறைத்தேன். அந்த இடத்தில் பிரெண்டா மைக்கில், “அவ்ளோதானா?” என்றாள்.

“மூணாவது ஒண்ணு இருந்துச்சே” என்றாள். “அந்தப் பொண்ணு இந்த மேடைல பாடுன அன்னிக்கு நா இதே எடத்துல பந்துப் பெட்டியப் புடிச்சிட்டு நிக்கறேன். ரெண்டு முடிஞ்சு மூணாவதுக்கு மூச்சிழுத்தா. இந்த ஆளு மணியப் பாத்துட்டு வந்து மைக்கப் புடுங்கிட்டாரு.” டெரெக், “புடுங்கலம்மா, வாங்கினேன். நல்லாருக்கு கண்ணு, மீதி அப்புறம்னு மரியாதயாத்தான் சொன்னேன். பிங்கோ நேரம்” என்றார். “அஞ்சு வருசம் ஆச்சு. அப்புறம்னா எப்போ, ஒங்க சாவுக்கா?” என்றாள் பிரெண்டா. கூட்டம் சிரித்தது. பிறகு அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். “டேய் கிரெய்க், நீதான வீட்ல வெச்சு மொதல்ல பதிவு பண்ணே, ஒன்கிட்ட இருக்கா முழுசு?” என்றாள் பிரெண்டா.

இருக்கிறது. என் போனில் எப்போதும் இருக்கிறது. நீ என்னிடம் வாங்கிய வாக்கும் நினைவில் இருந்தது, மூன்றாவது சரணத்தை அம்மாவுக்கு யாரும் போட்டுக் காட்டக் கூடாது, அவளுக்கு நானே மேடையிலிருந்து பாடிக் காட்டுவேன் என்றாய். ஹியூகோ அதை வெட்டினபோது, காதல் பாட்டில் மீன் எதற்கு என்று கேட்டானாமே, அப்போதுகூட நீ அம்மாவிடம் சொல்லவில்லை. ஆகவே அந்த ஊரில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். நான் யோசித்தது அதிக நேரம் இல்லை. நீ மேடையேறினால் பிங்கோ குறுக்கே வருகிறது, பிங்கோ நின்றால் ஹியூகோ குறுக்கே வருகிறான், இப்படியே போனால் உன் அம்மா நிக்கோலா டாஸ்கர் அதைக் கேட்காமலே கிழவியாகிவிடுவாள். இணைப்பை மாற்றி ஒலியைக் கூட்டிவிட்டேன். வாக்கை மீறினேன், வருத்தம் இல்லை, திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

மார்னி, அந்தக் கிளப்பில் பிங்கோவுக்கு மட்டும்தான் அந்த அமைதி உண்டு. லண்டனிலிருந்து வந்த பாடகர்கள் பாடும்போதுகூடச் சிப்ஸ் பொட்டலத்தைக் கசக்குவார்கள். உன் மூன்றாவது சரணத்துக்கு ஒருவர் நாற்காலியை அசைக்கவில்லை. அந்தப் பெண் அழுது அழுது முகம் வீங்கி அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள், மீன் தொழிற்சாலையிலிருந்து அம்மா வருகிறாள், ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு கையுறை போட்டும் விறைத்துப்போன கையைக் கழுவாமல்கூட மகளின் கன்னத்தில் வைக்கிறாள், மீன் வாசனை, அப்படியே வை அம்மா எடுக்காதே என்று முடிகிறது. முடிந்தும் யாரும் கைதட்டவில்லை. அங்கே இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அந்தக் கை இருக்கிறது. மேசையில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா பிங்கோ அட்டையைப் பார்த்தபடியே இருந்தாள், தலை நிமிரவில்லை. பிறகு யாரிடமும் இல்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “அன்னிக்கு அவ அழுதது அந்தப் பையனுக்கா? நா பல்லு வலின்னுல்ல நெனச்சேன்” என்றாள்.

பிரெண்டா மெதுவாகத் துண்டை எடுத்தாள், பெட்டியைச் சுழற்றினாள், ஒரு பந்தை எடுத்தாள். “ரெண்டு குண்டம்மா, எம்பத்தெட்டு” என்றாள். இரண்டு எட்டும் இரண்டு குண்டம்மா நிற்கிற மாதிரி இருப்பதால் வழக்கமாக அந்த எண்ணுக்கு எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைக் குலுக்குவார்கள். யாரும் குலுக்கவில்லை. அத்தனை கண்ணும் அம்மா மேல். அவளுக்கு எண்ணே காதில் விழவில்லை, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறாள். ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் வாயைத் திறந்தால் ஆட்டம் செல்லாது, கிளப் தோன்றிய நாளிலிருந்து டெரெக் காக்கிற சட்டம் அது. அந்த டெரெக் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அட்டையை எட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஹவுஸ்!” என்றார். அவ்வளவுதான், மொத்தக் கிளப்பும் ஹவுஸ் என்று கத்தியது, கூரை மறுபடி ஒழுகியிருக்கும். உன் அம்மாவை வான்கோழியோடு சேர்த்துத் தூக்கினார்கள். அவள், “கீழ எறக்குங்கடா பாவிங்களா, பாவாடை!” என்று கத்திக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், இருபது வருடத்தில் அவள் முகத்தை இப்படி நான் பார்த்ததில்லை. அந்தக் கூச்சலில்தான் நீ போன் செய்தாய். பிறகு நான் பிரெண்டாவிடம், பந்தில் எண்பத்தெட்டு என்றுதான் போட்டிருந்ததா என்று கேட்டேன். “ஒன் வேலையப் பாருடா” என்றாள்.

இப்போது என் கருத்து. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஹியூகோ உன் பாட்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்துவிட்டுப் பந்தயத்துக்கு அனுப்பினான், அது நாட்டிலேயே இரண்டாவது வந்தது, நாயிடம் மட்டும் தோற்றது. இயந்திரத்தின் ஒரு பாகத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்து, இது போதிய அளவு குளிரவில்லை, வேறு இயந்திரம் வாங்குவோம் என்று எவனாவது என் கிடங்கில் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவோம். அவன் கண்டுபிடித்த பழுது பாட்டில் இல்லை, அவன் கத்திரியில் இருக்கிறது. அதனால் அவனிடம் இப்படிச் சொல், முழுப் பாட்டையும் வெளியிடு, அடுத்த ஆல்பம் நான் எழுதுவது, சம்மதம் இல்லையென்றால் போ. அவன் போய்விட்டால்? போகட்டும். உனக்குச் சோற்றுக்கு நான் இருக்கிறேன், மேடைக்குக் கிளப் இருக்கிறது. வெறும் வாய்ப்பேச்சு இல்லை, டெரெக் உனக்கு ஜனவரி கடைசிச் சனிக்கிழமையை எழுதி வைத்துவிட்டார். பழைய சம்பளம்தானாம், கூடச் சாப்பிட, இறைச்சி வைத்துச் சுட்ட பையும் பட்டாணியும், அதில் பேரமே கிடையாதாம். ஆனால் நீ மூன்று சரணமும் பாடி இறங்கும்வரை பிங்கோ தொடங்காது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். எதிர்த்து ஒரே ஒரு ஓட்டு. யாருடையது என்று சொல்லமாட்டார்கள், நாய்ப் பாட்டை இரண்டு முறை வாங்கியவருடையது என்று நான் நினைக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, உனக்குத் தோல் உரியும், தொப்பி போடு. மேடையில் காது அடைப்பான் போடாமல் நிற்காதே, காது போனால் மாற்றுப் பாகம் கிடையாது. தேநீரை மட்டும் குடித்துக்கொண்டு இராதே, சாப்பிடு. அழுகை வந்தால் அழு, முடித்துவிட்டு இந்தக் கடிதத்தை மறுபடி படி. நீ நினைத்தது நினைத்தபடி நடக்கும், உன் பாட்டு உன் வாயிலேயே இருக்கும், எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அந்த வான்கோழியை நீ வராமல் கிறிஸ்துமஸுக்கு வெட்டமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள், நாங்கள் இருவரும் அன்றைக்கு மீன்தான் சாப்பிடப் போகிறோம். நானே உறைபெட்டியைத் துடைத்து மைனஸ் பதினெட்டில் வைத்திருக்கிறேன். அது கெடாது. எத்தனை நாள் ஆனாலும் கெடாது. ஆகவே வீட்டுக்கு வர வேண்டும் என்ற அவசரத்தில் எதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கிரெய்க் டாஸ்கர்

அம்மா கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்கிறாள், அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: “அடுத்த வாட்டி எவனுக்காவது அழுதா வாயத் தொறந்து சொல்லுடி. அன்னிக்கு ஒனக்குன்னு வாங்குன கிராம்புத் தைலம் இன்னமும் மூடி தொறக்காம அலமாரியில கெடக்கு.”